வள்ளத்தில் ஒன்பது பேர்

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், "வேதிமுறையில் மாற்றிய பெப்டைடுகளைக் கொண்டு, நம் உடல் புற்றுநோயை எப்படி அடையாளம் காண்கிறது என்று ஆராய்கிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை. ஆசிரியரும் மனமிரங்கி, முழுப் பகுதியையும் இதற்கே விட்டுவிட்டார். ராசிக்கல் பற்றிக் கேட்டிருந்த இருவரின் கடிதங்களை அடுத்த பக்கத்து ஜோதிடரிடம் சேர்த்துவிட்டேன்.

கிருமி வெளியிலிருந்து வருகிறது. உடல் அதை எதிர்க்கிறது. புற்றுநோய் செல் நம்முடைய சொந்த செல்தானே? அதை உடல் எப்படிக் கண்டுபிடிக்கும்? பெப்டைடு இதில் எங்கே வருகிறது?
(நர்ஸ், ஆசாரிபள்ளம்)

கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. ஆனால் அது நாம் நினைப்பதுபோல செல்லின் உருவத்தைப் பார்த்து அல்ல. டி செல் என்ற வெள்ளணு, எதிரே நிற்கும் செல்லின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களில் ஒரு பகுதியை வெட்டித் துண்டாக்கி, அந்தத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் துண்டுதான் பெப்டைடு. பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம் (புரதம் என்ற சங்கிலியின் கண்ணி) நீளம். எட்டோ பத்தோ இருப்பதும் உண்டு. அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் மூலக்கூறுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். சிறுநீரகம் மாற்றும்போது பொருத்தம் பார்ப்பார்களே, அதே எச்.எல்.ஏ. உங்களுக்கு அந்தப் பரிசோதனைச் சீட்டு பழக்கமாக இருக்கும்.

இந்த எச்.எல்.ஏ.யின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெப்டைடு அதில்தான் படுத்திருக்கிறது. குளச்சல் கரையில் நின்று ஒரு வள்ளத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது ஆளும் ஒன்பதாவது ஆளும் காலை வள்ளத்தின் அடிக்குள் அழுத்தி ஊன்றியிருக்கிறார்கள். அவர்கள் ஊன்றியிருப்பதால்தான் மற்றவர்கள் அலையில் விழாமல் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் நாலைந்து பேர் நிமிர்ந்து கரையைப் பார்க்கிறார்கள். கரையில் நிற்கும் டி செல்லுக்குத் தெரிவது அவர்கள் முகமும், முன்னும் பின்னும் வள்ளத்தின் விளிம்பும்தான்.

வள்ளமும் ஆட்களும் சேர்ந்துதான் அடையாளம் என்பதை 1970களின் நடுவில் பீட்டர் டோகர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் ஆஸ்திரேலியாவில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். 1996இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பள்ளத்தின் வடிவத்தை 1987இல் பமீலா ஜோர்க்மன் உள்ளிட்ட ஹார்வர்டு குழுவினர் எக்ஸ்ரே படிக முறையில் கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எச்.எல்.ஏ.-ஏ2 என்ற வகை. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பலமுறை வரும்.

புற்றுநோய் செல் தன் சொந்தப் புரதங்களைத்தான் காட்டுகிறது. ஆனால் சிலவற்றை அளவுக்கு மீறிச் செய்கிறது. வயது வந்த உடலில் விந்தகத்துக்கு வெளியே தலைகாட்டக் கூடாத சிலவற்றைச் செய்கிறது. மரபணு பிறழ்ந்து புதிதாகிவிட்ட சிலவற்றையும் செய்கிறது. இப்படிப்பட்ட புரதம் ஒன்றை மனிதப் புற்றுநோயில் டி செல் அடையாளம் காண்கிறது என்று 1991இல் பிரஸ்ஸல்ஸில் தியரி பூன் குழுவினர் நிரூபித்தார்கள். அதற்கு மேஜ் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை இது வெறும் நம்பிக்கையாகவே இருந்தது.

இயற்கையிலேயே பெப்டைடு இருக்கும்போது அதை ஏன் வேதிமுறையில் மாற்ற வேண்டும்? எங்கே மாற்றுகிறார்கள்?
(எம்.எஸ்சி. வேதியியல் மாணவர், நாகர்கோவில்)

தம்பி, நம் தொழில் பற்றிய கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புற்றுநோய் காட்டும் பெப்டைடுகளில் பல, வள்ளத்தில் சரியாக உட்காராதவை. இதற்குக் காரணம் இருக்கிறது. அவை நம் சொந்தப் புரதத்தின் துண்டுகள். அவற்றுள் நன்றாக உட்கார்ந்து பளிச்சென்று தெரிபவற்றைத் தாக்கக்கூடிய டி செல்களை, நம் உடல் இளமையிலேயே தைமஸ் சுரப்பியில் பெரும்பாலும் களைந்துவிடுகிறது. இல்லாவிட்டால் அவை நம்மையே தின்றுவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் தளர்வாக உட்காரும் பெப்டைடுகள். சோதனைக் குழாயில் இவற்றை வைத்து வேலை செய்தால், சிறிது நேரத்தில் கழன்று விழுந்துவிடும். டி செல்லைத் தூண்டவும் முடியாது, எண்ணவும் முடியாது.

ஆகவே காலூன்றும் ஆளை மட்டும் மாற்றுகிறார்கள். மெலனோமா என்ற தோல் புற்றில் ஜிபி100 என்று ஒரு புரதம் உண்டு. அதன் 209 முதல் 217 வரையிலான துண்டில் இரண்டாம் இடத்தில் திரியோனின் இருக்கிறது. எச்.எல்.ஏ.-ஏ2இன் பள்ளத்தில் அந்த இடத்தில் இருக்கும் குழி எண்ணெய்ப் பசையுள்ள, நீண்ட பக்கச் சங்கிலியை விரும்பும். திரியோனினை எடுத்துவிட்டு மெத்தியோனினை வைத்தார்கள். பிடிப்பு பல மடங்கு கூடியது. நடுவில் இருப்பவர்களின் முகத்தில் கை வைக்கவில்லை. மெலன்-ஏ என்ற இன்னொரு புரதத்துண்டில் அலனினுக்குப் பதிலாக லியூசின் வைத்ததும் இதே உத்திதான்.

என்ஒய்-ஈஎஸ்ஓ-1 என்ற புரதத்தின் துண்டில் சங்கடம் வேறு மாதிரி. ஒன்பதாம் இடத்தில் சிஸ்டீன். உங்களுக்குத் தெரியும், சிஸ்டீன் காற்றில் சும்மா இருக்காது. இரண்டு பெப்டைடு பக்கத்தில் வந்தால் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்துக்கொள்ளும். குப்பியில் நாம் வைத்தது ஒன்று, ஒரு வாரம் கழித்து இருப்பது வேறொன்று. அதை வேலினாக மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது, பிடிப்பும் கூடியது.

இவை எல்லாம் இயற்கையின் இருபது அமினோ அமிலங்களுக்குள்ளேயே நடக்கும் மாற்றங்கள். வேதியியலாளருக்கு அந்த இருபதோடு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மெத்தியோனின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து தொல்லை கொடுத்தால் நார்லியூசின் வைக்கலாம். ஏறக்குறைய அதே நீளம், கந்தகம் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் நொதிகள் வெட்டாமல் இருக்க, இயற்கை வடிவத்துக்கு வலக்கைக்கு இடக்கைபோல இருக்கும் டி-வடிவ (D; டி செல்லின் T அல்ல) அமினோ அமிலத்தைச் செருகலாம். இரண்டு முனைகளையும் மூடிவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மற்ற பெப்டைடு மருந்துகளுக்கு அது நல்ல யோசனை, இங்கே உதவாது. எச்.எல்.ஏ.-ஏ2 போன்ற வகைகள் திறந்த முனைகளையும் பிடித்துக்கொண்டுதான் பெப்டைடைத் தாங்குகின்றன. மூடினால் பிடி போய்விடும். நெதர்லாந்தில் ஒரு குழுவினர் இப்படி இயற்கையில் இல்லாத அமினோ அமிலங்களை ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பார்த்து, மூல பெப்டைடைவிட நன்றாகப் பிடிப்பவற்றைத் தேர்ந்தெடுத்து 2014இல் வெளியிட்டார்கள்.

செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இதுதான் அன்றாடம். 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு காட்டிய வழி: மணல்போன்ற பிசின் மணிகளில் கடைசி அமினோ அமிலத்தை ஒட்டிவிட்டு, பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வருவது. ஒவ்வொரு கோர்வைக்குப் பிறகும் நாலைந்து மணிகளை எடுத்துச் சிறு குழாயில் போட்டு, நின்ஹைட்ரின் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டுச் சூடாக்குவோம். மணி நீலமாக மாறினால், ஒட்டாமல் தனித்து நிற்கும் அமீன் முனை இன்னும் இருக்கிறது. மறுபடி கோக்க வேண்டும். மணி வெளிறிய மஞ்சளாகவே இருந்தால் அடுத்ததுக்குப் போகலாம். புரோலின் முனையில் இருந்தால் மட்டும் நீலம் வராது, செம்பழுப்பாக வந்து புதியவர்களைக் குழப்பும். கடைசியில் டிரைஃபுளூரோ அசெட்டிக் அமிலத்தில் மணியிலிருந்து கழற்றி, குளிர்ந்த ஈதரில் ஊற்றுவோம். தெளிந்த திரவம் திடீரென்று வெண்மையாகத் திரளும். எத்தனை வருடம் செய்தாலும் அந்த நொடி அலுக்காது. அதற்கு அடுத்த நொடியே, திரண்டதில் எத்தனை பங்கு குப்பை என்ற கவலை வந்துவிடும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்யத்தான் பாதி வாழ்க்கை போயிற்று.

மாற்றிய பொருளை வைத்து எடுத்த முடிவு அசலுக்கு எப்படிப் பொருந்தும்? புற்றுநோய் செல்லில் இருப்பது மாற்றாத பெப்டைடுதானே?
(வழக்கறிஞர், குழித்துறை)

இந்த மாதம் வந்தவற்றில் இதுவே சிறந்த கேள்வி. இந்தத் துறையின் இருபத்தைந்து வருடச் சண்டையை இரண்டு வரியில் அடக்கிவிட்டீர்கள்.

காலூன்றும் ஆளை மாற்றினால் முகம் மாறாது என்பதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நம்பியது. முழுக்கச் சரியில்லை. ஒருவன் காலை மடக்கிய விதம் மாறினால் பக்கத்திலிருப்பவன் தோளும் சற்றுத் திரும்பும். இரண்டாம் இடத்திலும் ஒன்பதாம் இடத்திலும் செய்யும் மாற்றம், டி செல் பெப்டைடைத் தொடும் விதத்தையே பாதிக்கிறது என்று கார்டிஃப் ஆய்வாளர்கள் 2010இல் அளந்து காட்டினார்கள். பெப்டைடின் கிடப்பில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியதாகக்கூட இருக்கலாம். ஆனால் டி செல்லின் கண்ணுக்கு அது தப்புவதில்லை.

அதைவிடக் கூரான ஆதாரம் 2008இல் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து வந்தது. மெலனோமா நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மெலன்-ஏ பெப்டைடின் மாற்றிய வடிவத்தையும், மற்றவர்களுக்கு மாற்றாத வடிவத்தையும் தடுப்பூசியாகப் போட்டார்கள். மாற்றியதைப் பெற்றவர்களிடம் டி செல்கள் அதிகம் பெருகின. ஆனால் புற்றுநோய் செல்லை எதிர்த்து உண்மையில் வேலை செய்யும் திறன், மாற்றாததைப் பெற்றவர்களின் டி செல்களிடம்தான் கூடுதலாக இருந்தது. பெருகிய கூட்டத்தில் பலருக்கு, மாற்றிய பெப்டைடு நன்றாகத் தெரிந்தது. அசல் அவ்வளவாகத் தெரியவில்லை.

சிகிச்சையில் என்ன ஆயிற்று என்றும் கேட்பீர்கள். நான் முன்னே சொன்ன மெத்தியோனின் வைத்த ஜிபி100 பெப்டைடை, இன்டர்லூகின்-2 என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, 1998இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் 31 பேரில் 13 பேருக்குக் கட்டி சுருங்கியதாக அறிவித்தார்கள். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு 185 பேரை இரு பிரிவாக்கி முறையாகச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்கும், பெப்டைடும் சேர்த்துப் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் கட்டி சுருங்கியது. வித்தியாசம் உண்டு; 1998இல் கண்ட கனவு அளவுக்கு இல்லை. இதற்கிடையே 2010இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், இபிலிமுமாப் என்ற மருந்தைத் தனியாகவும், இதே வகை ஜிபி100 பெப்டைடோடு சேர்த்தும், பெப்டைடை மட்டும் தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். இபிலிமுமாப் பெற்றவர்கள் பாதிப் பேர் பத்து மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். பெப்டைடைச் சேர்த்ததால் ஒரு நாள்கூட நீளவில்லை. பெப்டைடு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் வாழ்ந்தது ஆறு மாதத்துக்குச் சற்று மேல்.

என் முடிவு இது. மாற்றிய பெப்டைடை மருந்தாகக் கொண்டாடியது அவசரம். கருவியாக அதற்கு ஈடில்லை. எந்த இடத்தை மாற்றினால் டி செல் முகம் சுளிக்கிறது, எதை மாற்றினால் பொருட்படுத்தவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் அதன் பார்வையைப் படிக்க முடியும். அசலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் நீங்கள் சொல்வதுபோல, கடைசியில் அசலைக் கொண்டுவந்து காட்டியே ஆக வேண்டும். மாற்றிய பெப்டைடால் வளர்த்த டி செல்லை, மாற்றாத பெப்டைடைக் காட்டும் உண்மையான புற்றுநோய் செல்லின் முன்னால் நிறுத்திச் சோதிக்காத ஆய்வுக் கட்டுரையை நான் படிப்பதில்லை.

வாட்ஸ்ஆப்பில் "புற்றுநோய் எதிர்ப்பு பெப்டைடு பவுடர்" விற்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் பாலில் கலந்து குடிக்க வேண்டுமாம். வாங்கலாமா?
(மீன் வியாபாரி, குளச்சல்)

வேண்டாம். வயிற்றில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் அதைச் சாளை மீனை நடத்துவதுபோலவே நடத்தி, அமினோ அமிலங்களாக்கிவிடும். சாளை விலை குறைவு, ருசியும் உண்டு.

மாற்றிய பெப்டைடால் கெடுதல் எதுவும் வந்ததில்லையா?
(கல்லூரி விரிவுரையாளர், மார்த்தாண்டம்)

பெப்டைடால் நேரடியாக அல்ல. ஆனால் டி செல்லின் கண்ணைக் கூர்மையாக்கப் போய் ஒரு பெரிய துயரம் நடந்தது. அந்தத் துயரத்தின் காரணத்தை வெளிக்கொண்டு வந்ததில் மாற்றிய பெப்டைடுகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே சொல்கிறேன்.

மேஜ்-ஏ3 என்ற புரதத்தின் ஒரு துண்டை அடையாளம் காணும்படி, டி செல்லின் ஏற்பியை (பெப்டைடைத் தொட்டு அறியும் மூலக்கூறை) பரிசோதனைச் சாலையில் திருத்தி, பிடிப்பைக் கூட்டினார்கள். திருத்திய டி செல்களை இரண்டு நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். ஒருவருக்கு மெலனோமா, மற்றவருக்கு எலும்பு மஜ்ஜையில் வரும் மயலோமா என்ற புற்று. இருவரும் சில நாட்களிலேயே இதயம் செயலிழந்து இறந்தார்கள். இதயத்தில் மேஜ்-ஏ3 கிடையாது. வழக்கமான முன்சோதனைகள் எதுவும் எச்சரிக்கவில்லை. 2013இல் இதன் விவரங்கள் வெளியாயின.

பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நம் கதை. அந்த ஒன்பது அமினோ அமிலத் துண்டில், ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை அலனினை வைத்து மாற்றிய பெப்டைடுகளைச் செய்தார்கள். அலனின் சின்னது, சாது. தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. எங்கே அலனின் வந்ததும் டி செல் அடங்கிவிடுகிறதோ, அடையாளம் காண அந்த இடம் அதற்குத் தேவை என்று பொருள். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது ஆகிய இடங்கள் அவசியம் என்று தெரிந்தது: குளுட்டாமிக் அமிலம், அஸ்பார்ட்டிக் அமிலம், புரோலின், ஐசோலியூசின், டைரோசின். மற்ற நான்கு இடங்களில் யார் இருந்தாலும் அந்த டி செல்லுக்குக் கவலை இல்லை. இந்தக் கோலத்தை வைத்துக்கொண்டு மனிதப் புரதங்களின் பட்டியல் முழுவதையும் தேடினார்கள். டைட்டின் என்ற புரதத்தில் அப்படியே இருந்தது. டைட்டின், தசையின் மிகப் பெரிய புரதம். இதயத் தசையில் நிறைய உண்டு. தட்டில் வளர்த்த சாதாரண இதய செல்களில் இந்த ஆபத்து தென்படவில்லை. குருத்தணுவிலிருந்து வளர்த்து, தட்டிலேயே துடிக்கும் இதயத் தசை செல்களை டி செல்லின் முன்னால் வைத்த பிறகுதான் தாக்குதல் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று இப்படிப்பட்ட சிகிச்சையைத் தயாரிப்பவர்கள், ஒருவர் உடலிலும் ஏற்றுவதற்கு முன்பே, ஒவ்வோர் இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அதே கோலம் வேறு எந்தப் புரதத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பெப்டைடு செய்யும் செலவைத் தேவையில்லாத செலவு என்று கணக்கர்கள் வெட்டிய காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒருவரின் ரத்தத்தில் புற்றுநோயை அறியும் டி செல் எத்தனை இருக்கிறது என்று எப்படி எண்ணுகிறார்கள்? நுண்ணோக்கியில் எல்லா லிம்ஃபோசைட்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?
(ஆய்வகத் தொழில்நுட்பர், திங்கள்சந்தை)

ஒன்றுபோலத்தான் இருக்கும். நீங்கள் தேடுவது லட்சத்தில் ஒன்றாகவோ பத்து லட்சத்தில் ஒன்றாகவோ இருக்கலாம். 1996இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸ் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். எச்.எல்.ஏ.யும் பெப்டைடும் சேர்ந்த கூட்டை நான்கு நான்காகக் கட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி, ரத்தத்தில் கலந்தார்கள். ஒன்றாக இருந்தால் டி செல் பிடித்த வேகத்தில் விட்டுவிடும். நான்காக இருந்தால் விடாது. செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் செலுத்தினால் ஒளிர்வதை எண்ணிவிடலாம்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. பெப்டைடு இல்லாத எச்.எல்.ஏ. நிலைத்து நிற்காது, குலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பெப்டைடுக்கும் அந்தக் கூட்டை முதலிலிருந்து தனித்தனியாகக் கட்ட வேண்டும். நூறு பெப்டைடைச் சோதிக்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஆகும். 2006இல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் ஓர் அருமையான தந்திரம் செய்தார்கள். பெப்டைடின் நடுவே, புற ஊதா ஒளி பட்டால் முறியும் ஒரு செயற்கை அமினோ அமிலத்தை வைத்துவிட்டார்கள். அதோடு எச்.எல்.ஏ.யைக் கட்டி மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் ஊற்றி, சோதிக்க வேண்டிய பெப்டைடைச் சேர்த்து, 365 நானோமீட்டர் விளக்கின் கீழே வைக்க வேண்டும். உள்ளே இருந்தது இரண்டாக முறிந்து விழுகிறது. காலியான இடத்தில் புதியது ஏறிக்கொள்கிறது. ஒரே நாளில் தட்டு முழுவதும் தயார். பெப்டைடு வேதியியலில் எனக்குப் பிடித்த மாற்றம் எது என்று யாராவது கேட்டால், எந்த மருந்தையும் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். வேலை முடிந்ததும் தானே முறிந்து இடத்தைக் காலி செய்யும்படி ஒரு மூலக்கூறை வடிவமைத்திருக்கிறார்களே!

எங்கள் கடற்கரை மணலில் கதிர்வீச்சு இருப்பதால் புற்றுநோய் வருகிறது என்கிறார்கள். உண்மையா?
(வாசகி, மணவாளக்குறிச்சி)

உங்கள் மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். இவை உண்மை. இதே வகை மணலுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்து 2009இல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடும் அளவுக்குப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அது அவர்கள் ஊர்க் கணக்கு, நம் ஊருக்கென்று எடுத்த கணக்கு அல்ல. உங்கள் வீட்டில் யாராவது வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்கள் என்றால், மணலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் அதை நிறுத்தச் சொல்லுங்கள். வாயில் ஆறாத வெள்ளைப் படலமோ புண்ணோ இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

என் அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது. அவருக்கு இந்த பெப்டைடு முறையைக் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாமா?
(பெயர் வேண்டாம் என்றவர், அருமனை)

தம்பி, கேட்பதில் தவறில்லை. ஆனால் என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்; ஏமாற்றம் குறையும்.

நான் மேலே எழுதியவற்றில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்து வேலை. இந்த அறிவிலிருந்து மருந்தாகவே வெளிவந்தவற்றில் ஒன்று டெபென்டாஃபஸ்ப். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் ஜிபி100 பெப்டைடை ஒரு கையாலும், அருகே வரும் டி செல்லை மறு கையாலும் பிடித்து இழுத்துச் சேர்க்கும் மருந்து அது. ஆனால் அது கண்ணில் வரும் ஒருவகை மெலனோமாவுக்கு மட்டும். அதிலும் ஏ2இன் ஒரு கிளையான எச்.எல்.ஏ.-ஏ*02:01 வகை உள்ளவர்களுக்கு மட்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில் எனக்கு நீண்டகால வருத்தம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏ2 உண்டு, அதில் 02:01தான் மிகுதி. ஆகவே கடந்த முப்பது வருட ஆய்வுகள் பெரும்பாலும் அந்த ஒரு வகையைச் சுற்றியே நடந்திருக்கின்றன. இந்தியர்களிடம் ஏ2 இருந்தாலும், 02:11 போன்ற வேறு கிளைகள் கணிசமாக உண்டு. பள்ளத்தில் ஓரிரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். ஆனால் எந்த பெப்டைடு நன்றாக உட்காரும் என்பதை அது மாற்றிவிடும். நம் மக்களின் வள்ளங்களுக்கு ஏற்ற பெப்டைடுகளை நாம்தான் தேட வேண்டும். வேறு யாருக்கும் அந்த அவசரம் இருக்காது.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். எந்த உறுப்பில், எந்த நிலையில் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பத்திரிகை வழியாக மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்தக் கட்டிக்கு இம்யூனோதெரப்பி (உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) பொருந்துமா? அதற்கான பரிசோதனை எடுத்திருக்கிறார்களா?" அது பொருந்தும் கேள்வி, அதற்கு அவர் பதில் வைத்திருப்பார். இப்போது நடக்கும் சிகிச்சையை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் நடுவில் நிறுத்தாதீர்கள். அதிகாலைப் பஸ்ஸில் போய் இரவு திரும்பும் அலைச்சல் எனக்குத் தெரியும். அலுத்துப்போய் ஒரு முறையைத் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடாதீர்கள்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். இந்த வேலை செய்ய உயிரியல் படிக்க வேண்டுமா, வேதியியல் படிக்க வேண்டுமா?
(மாணவி, குலசேகரம்)

வேதியியல் படி, மகளே. டி செல்லைப் பற்றி இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு மூலக்கூறைத் தன் கையால் செய்து, சுத்தம் செய்து, செய்தது அதுதான் என்று நிரூபிக்கும் பழக்கம் இளவயதில் வராவிட்டால் பிறகு வருவது கடினம். பி.எஸ்சி. முடித்ததும் உயிரியலை ஒட்டிய மேற்படிப்புக்குப் போகலாம். தொலைவுக்கு அனுப்ப வீட்டில் தயங்கினால், உன் ஊரிலிருந்து எட்டும் தூரத்திலேயே, விதுராவில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம் இருக்கிறது. இரண்டின் இணையதளத்திலும் யார் எதில் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று போட்டிருப்பார்கள். பாடப் பட்டியலைவிட அதை முதலில் பார். கோடை விடுமுறையில் மாணவர்களை எடுத்துக்கொள்கிறார்களா என்று எழுதிக் கேள். பதில் வராவிட்டால் மறுபடி எழுது. நாங்கள் சோம்பேறிகள், வேண்டுமென்று செய்வதில்லை.

ஆய்வகத்துக்குப் போனால் கையுறை போட்டுக்கொள். நின்ஹைட்ரின் பட்ட விரல் ஒரு வாரத்துக்கு ஊதாவாகவே இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது எல்லோரும் கேட்பார்கள்.